ஜிசிஎஸ்இ ஆர்ட் கோர்ஸ்வொர்க் மற்றப் பாடங்களை விழுங்குகிறது, என்ன செய்யலாம்?

ஹரோ_அம்மா
வணக்கம். மகள் இங்கிலாந்தில் இயர் 11, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை வருஷம், ஒன்பது பாடம், அதில் ஆர்ட் ஒன்று. பள்ளிக்கூடத்தால் வந்து ஸ்கெட்ச்புக்கைத் திறந்தால் இரவு பதினொரு மணி வரைக்கும் அதுதான். மொக் எக்ஸாமில் (மாதிரிப் பரீட்சை, 9தான் உச்சம்) ஆர்ட் 8, கணக்கு 5, கெமிஸ்ட்ரி 4. கெமிஸ்ட்ரிக்கு முதல் நாள் இரவுகூட ஒரே பக்கத்துக்கு மூன்றாம் தரம் காபிச் சாயம் பூசிப் பழைய தாள் மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வருஷ ஏ லெவலில் ஆர்ட்டும் பயாலஜியும் சேர்த்துச் செய்ய ஆசைப்படுகிறாள், அதனால் விடச் சொல்ல மனமில்லை. இவரோ "சித்திரம் கீறி என்னத்தைக் கண்டது" என்று ஒரே சண்டை. இப்போது ஜனவரியில் ஆர்ட் பரீட்சைப் பேப்பரும் கையில் வந்துவிட்டது.

தூரிகை
அக்கா, நானும் அந்தக் காபிச் சாயக் கூட்டம்தான், ஆறு வருஷத்துக்கு முதல். புள்ளி நாலு விஷயத்துக்குப் போகிறது: மற்றக் கலைஞர்களைப் பார்த்து யோசனையை வளர்ப்பது, வேறு வேறு பொருட்களில் செய்து பார்ப்பது, வரைந்தும் எழுதியும் பதிவது, கடைசிப் படைப்பு. ஒவ்வொன்றுக்கும் 25 வீதம். பக்கத்தை அலங்கரிப்பதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. நான் கடைசிப் படத்தையே மூன்று தரம் திரும்பக் கீறினேன், செய்து பார்த்த பக்கங்களோ இரண்டுதான் இருந்தன. அங்கேதான் புள்ளி போனது. எதில் குறைவு என்று ஆர்ட் ரீச்சரிடம் கேட்டு, அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

பெரியப்பா_குரொய்டன்
ஆர்ட்டை விட்டுவிட்டால் என்ன? மற்ற எட்டுப் பாடமும் உருப்படும்.

மூன்றுபிள்ளைக்காரி
அண்ணா, இந்த நேரத்தில் விடுவது வீண். போர்ட்ஃபோலியோ, அதாவது இந்தக் கோர்ஸ்வொர்க் மட்டும் 60 வீதம், அது அநேகமாக முடிந்திருக்கும். மிச்சம் 40 வீதத்துக்குத்தான் அந்தப் பேப்பர்: இப்போதிருந்து ஆயத்த வேலை, பிறகு மேற்பார்வையில் பத்து மணி நேரம். அதில் முதல் மணி தொடங்கிவிட்டால் ஆயத்த வேலையில் ஒரு கோடுகூடச் சேர்க்க முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஈஸ்டருக்கு முதலே அதை முடித்துவிட்டார்கள், மே மாத எழுத்துப் பரீட்சை வரும்போது மகனுக்கு ஆர்ட் என்ற சுமையே இல்லை. அதுவரைக்கும் புதன் பின்னேரமும் சனிக்கிழமையும்தான் ஆர்ட் என்று வைத்தோம், மற்ற நாளில் ஸ்கெட்ச்புக் என் அறையில். ஆர்ட் நாளிலும் முதலில் கெமிஸ்ட்ரி, ஏனென்றால் நித்திரைத் தூக்கத்தில் போட்டோ வெட்டி ஒட்டலாம், மோல் கணக்குச் செய்ய முடியாது. முதல் இரண்டு கிழமை வீடு போர்க்களம்தான், பிறகு அவனே பழகிவிட்டான்.

ஹரோ_அம்மா
நன்றி. ரீச்சரிடம் கேட்டேன், தூரிகை சொன்ன மாதிரியே செய்து பார்த்த பக்கங்கள்தான் குறைவாம். இன்னும் மூன்று பக்கம், அவ்வளவுதான்! புதன், சனிக்கு மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு சம்மதித்திருக்கிறாள். ஒன்று கேட்க வேண்டும், பத்து மணி நேரத்தில் படம் முடியாவிட்டால்?

தூரிகை
முடிந்த அளவோடு கொடுக்க வேண்டியதுதான் அக்கா, படம் முடியவில்லை என்று கூடுதல் நேரம் கேட்க முடியாது. அதனால் ஏ2 அளவுப் பெரிய தாளெல்லாம் வேண்டாம், அதில் பாதியான ஏ3 போதும். சனிக்கிழமை ஒன்றில் ஒரு மூலையை மட்டும் மணிக்கூடு வைத்துக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், முழுப் படத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.