மறு: வெல்வெட்டிங் – ‘பட்டாக்கல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மெலிதாகச் சீவிய இறைச்சியை மாவோடு பிசறி மெத்தென்று சமைக்கும் சீன முறையை ஆங்கிலத்தில் ‘வெல்வெட்டிங்’ என்கிறார்கள். நம் சமையல் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இந்த மடல் இழை நீண்டுவிட்டதால், என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பட்டாக்கல்’, ‘மென்பட்டாக்கம்’ இரண்டும் வேண்டாம். ‘கஞ்சிக்காப்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

> பட்டுப் போல் வழுவழுப்பாவதால் ‘பட்டாக்கல்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

கறி வாயில் எப்படி இருக்கும் என்பது புரியும். கை என்ன செய்ய வேண்டும் என்பது புரியாது. நம் சமையல் வினைகளைப் பாருங்கள்: தாளி, வதக்கு, பிசறு, வடி, தோய், இறக்கு. எல்லாமே செய்கையின் பெயர்கள். ‘மொறுமொறுப்பாக்கு’ என்று யாரும் குறிப்பு எழுதுவதில்லை, ‘பொரி’ என்றுதான் எழுதுகிறோம். ‘இறைச்சியைப் பட்டாக்கவும்’ என்று படிப்பவர் அடுத்து எந்த டப்பாவைத் திறப்பார்? போதாக்குறைக்கு, ‘பட்டா’ என்றதும் பலருக்கு நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வரும்.

சீனச் சமையற்காரர்கள் இதை ‘ஷாங் ஜியாங்’ என்கிறார்கள். ஜியாங் என்றால் மாவுக்குழம்பு, கஞ்சி. ஷாங் என்றால் மேலே ஏற்றுவது. துணிக்குக் கஞ்சி போடுவதற்கும், நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதற்கும் சீனத்தில் இதே சொல்தான். இந்தச் செய்கைக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் வெல்வெட்டைச் சுற்றி வராமல் மூலத்துக்கே நேராகப் போய்விடலாம்.

> ஆங்கிலச் சொற்கள் அவர்கள் மொழியில் இயல்பாக வளர்ந்தவை. நாம் செய்வது செயற்கை.

இதை ஏற்க முடியவில்லை. ‘ஸ்டிர்-ஃப்ரை’ என்ற சொல்லே ஆக்கப்பட்ட சொல்தான். டோக்கியோவில் மருத்துவம் படித்த புவெய் யாங் சாவ் 1945இல் அமெரிக்காவில் வெளியிட்ட சமையல் நூலில்தான் அது வருகிறது. கணவர் யுவென் ரென் சாவ் பெயர்பெற்ற மொழியியலாளர். சீனத்தில் இந்தச் சமையல் வினையைக் குறிக்கும் ‘சாவ்’ என்ற ஓரசைச் சொல்லுக்குள் பெருந்தீ, கொஞ்சம் எண்ணெய், ஓயாத கிளறல், விரைவு எல்லாம் அடங்கியிருந்தன. அவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழ நீளச் சொற்கோவை வேண்டியிருந்தது. அவர்கள் அதில் கையின் செய்கையைக் குறிக்கும் இரண்டு சொற்களை மட்டும் எடுத்து ஒட்டினார்கள். இன்று அது உலகமெங்கும் புழங்குகிறது. நாமும் அதே வழியில் போகலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

> சிக்கன் 65க்கு கார்ன்ஃப்ளாரும் முட்டையும் போட்டுப் பிசறுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

நல்ல கேள்வி. தனிச்சொல் தேவைப்படுவதே இங்கேதான். 65க்குப் போடுவது கெட்டியான மாவு. அது பொரிந்து மேலே மொறுமொறுவென்று ஓடு கட்ட வேண்டும். சீனத்தில் அதற்கு வேறு பெயர், ‘குவா ஹூ’. பஜ்ஜிக்கு நாம் சொல்லும் ‘மாவில் தோய்த்தல்’ அதற்குப் போதும். கஞ்சிக்காப்பில் மாவு கண்ணுக்கே தெரியாது. பிசறி முடித்த துண்டு ஈரமாகப் பளபளக்கும், பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கி நிற்காது. வெள்ளை வெள்ளையாக மாவு தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

அமெரிக்கச் சீன உணவகங்களின் மாட்டிறைச்சி பிராக்கலியை எடுத்துக்கொள்வோம். காண்டனிஸ் சமையலில் காய் லான் கீரைத்தண்டோடு சேரும் இறைச்சி, அமெரிக்காவில் அங்கே எளிதாகக் கிடைத்த பிராக்கலியோடு சேர்ந்தது. வீட்டில் செய்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடையில் மட்டும் கறி எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது? பெரும்பங்கு விடை இந்தக் காப்பில் இருக்கிறது.

450 கிராம் ஃபிளாங்க் ஸ்டேக், அதாவது அடிவயிற்றுப் பக்கத் தசை. முக்கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் கத்திக்கு வழுக்காமல் நிற்கும். நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே 3 மி.மீ. கனத்தில் சீவ வேண்டும். நார் ஓடும் போக்கிலேயே வெட்டிவிட்டால் அப்புறம் எந்தக் காப்பும் உதவாது. அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடா, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, கறி அந்த நீரைக் குடிக்கும்வரை கையால் பிசற வேண்டும். சோடா, கறியின் மேற்பரப்பில் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் சூட்டில் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பது குறைகிறது. பிறகு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு ஷாவோஷிங் அரிசி மது, இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், கடைசியாகக் கொஞ்சம் எண்ணெய். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். கோழிக்கும் இறாலுக்கும் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கம். மாட்டிறைச்சிக்கு அது இல்லாமலும் நன்றாகவே வரும்.

> கஞ்சி என்றால் வெந்தது. பச்சை மாவைக் கஞ்சி என்பது தவறில்லையா?

கிண்ணத்தில் இருக்கும்போது அது பச்சை மாவுதான். ‘வாக்’ எனும் சீன வாணலியில் விழுந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். கார்ன்ஃப்ளார் ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் நீரை இழுத்து ஊதிக் கூழாகிவிடும். அதாவது கஞ்சி கறியின் மேலேயே வேகிறது! அந்த மெல்லிய படலம்தான் சூட்டை நேரடியாகத் தாக்கவிடாமல் தடுக்கிறது. பின்னர் சாஸ் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்வதும் அதன் மேல்தான்.

‘காப்பு’ கோயில் சொல் என்று இன்னொரு நண்பர் தயங்கியிருந்தார். சந்தனக்காப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் பள்ளி அறிவியலில் ‘மின்காப்பு’, ‘வெப்பக்காப்பு’ என்று நெடுங்காலமாகப் புழங்குகிறோம். மேலே பூசுவது, உள்ளே இருப்பதைக் காப்பது என்ற இரண்டு பொருளும் இந்தச் சொல்லில் உண்டு. இங்கே நமக்கு இரண்டுமே வேண்டும். ‘பூச்சு’ என்றால் முதல் பாதிதான் கிடைக்கும்.

அடுத்த படிக்கும் ஒரு சொல் வேண்டும். உணவகத்தில் காப்பிட்ட கறியை நேராகத் தாளிப்பில் போடமாட்டார்கள். 140 டிகிரி சுமாருக்குக் காய்ந்த எண்ணெயில் அரை நிமிடம் விட்டு, சிவப்பு மங்கி ஓரத்தில் லேசாக எஞ்சியிருக்கும்போதே வடித்துவிடுவார்கள். சீனப் பெயர் ‘குவோ யோ’, எண்ணெய் வழியே கடத்துவது என்று பொருள். நம் வீடுகளில் ‘அப்பளத்தை அனலில் காட்டி எடு’ என்பார்களே, அந்தக் ‘காட்டு’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘எண்ணெய் காட்டல்’ என்போம். வீட்டில் அவ்வளவு எண்ணெய் வைக்க மனம் வராதவர்கள் கொதிநீரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அதிலேயே அரை நிமிடம் விட்டு எடுக்கலாம். அது ‘வெந்நீர் காட்டல்’. பிராக்கலிக்கும் அதே வெந்நீர், ஒரு நிமிடம்.

இந்தப் படியை வீட்டில் தவிர்க்கக் கூடாது என்பேன். உணவக வாக் அடுப்பு மணிக்கு 1,00,000 பி.டி.யு.வுக்கும் (வெப்ப அளவுக்கான அலகு) மேல் தீ தரும். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் பெரும்பாலும் 10,000 முதல் 18,000க்குள்தான். பச்சைக் கறி அரைக்கிலோவை அதில் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி நீர் விட்டு, வறுபடுவதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். முன்பே காட்டி எடுத்த கறி என்றால், புகை வரக் காய்ந்த வாக்கில் பூண்டும் இஞ்சியும் போட்டு, பிராக்கலி, கறி, சிப்பி சாஸ் கலவை என்று வரிசையாகச் சேர்த்து ஒரே நிமிடத்தில் இறக்கிவிடலாம். காட்டி எடுக்காதவர்கள் கறியை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்துப் போடட்டும்.

‘ஸ்டிர்-ஃப்ரை’க்கு ‘வதக்கல்’ போதும் என்று இழையின் தொடக்கத்தில் பேசியிருந்தோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வதங்குவது என்றால் வாடித் துவள்வது. இந்தச் சமையலின் நோக்கமே காயைத் துவளவிடாமல் எடுப்பது. மட்டன் பிரட்டல் என்று வழக்கில் இருப்பதால் ‘அனல்பிரட்டல்’ என்று முன்மொழிகிறேன். இதை விடச் சிறந்தது வந்தால் மகிழ்ச்சியாக விட்டுக்கொடுப்பேன். ‘கஞ்சிக்காப்பு’க்கு மட்டும் கொஞ்சம் வாதாடுவேன்.

பட்டியலில் சேர்க்க வரைவு:

கஞ்சிக்காப்பு (பெயர்), கஞ்சிக்காப்பிடு (வினை): மெலிதாகச் சீவிய இறைச்சியை மாவு, நீர், சுவைப்பொருள்களுடன் பிசறி, சமைக்கும்போது மேலே மெல்லிய கஞ்சிப் படலம் உருவாகும்படி செய்தல்.

எடுத்துக்காட்டு: ‘இறைச்சிக்குக் கஞ்சிக்காப்பிட்டு அரை மணி நேரம் வைக்கவும், பின்னர் எண்ணெய் காட்டி வடிக்கவும்.’

‘காட்டி எடு’ என்ற வழக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சமையலில் இதே பொருளில் உண்டா? அங்குள்ள நண்பர்கள் எழுதினால் ‘எண்ணெய் காட்டல்’ பற்றி முடிவு செய்ய எளிதாக இருக்கும்.

அன்புடன்.