கட்டட ஓவியம் பிளான் மாதிரியே வருது: கையை எப்படித் தளர்த்துவது?

கோட்டுக்காரன்:
வணக்கம். படிச்சது ஆர்க்கிடெக்சர். குடியேறிய நாட்டில் இப்போ பெரியவர்களுக்கு வாட்டர்கலர் வகுப்பு எடுக்கிறேன். பெர்ஸ்பெக்டிவ் (தள்ளிப் போகப் போகச் சின்னதாத் தெரியுற மாதிரி வரையும் முறை) சரியா வருது, ஆனா படம் உயிரில்லாமல் இருக்கு. வாஷிலும் (தண்ணி கலந்து பரவலா விரிக்கும் நிறப்பூச்சு) திட்டுத்திட்டா கறை. மாணவர்களும் அப்படியே பழகிடுவாங்களோன்னு கவலை. எதை மாற்றணும்?

நிழல்விரும்பி:
பெர்ஸ்பெக்டிவைக் கைவிட வேண்டாம். எல்லா விளிம்பையும் ஒரே அழுத்தத்தில் இழுக்கிறீங்க, அதுதான் சிக்கல். பிளானில் ஒவ்வொரு கோடும் ஒரு தகவல்; படத்தில் பாதிக் கோடு காணாமல் போகணும்.

முதல்ல 5×7 செ.மீ. கட்டத்தில் 2பி பென்சிலால் மூணே டோன்: வெள்ளை, நடுத்தரம், இருட்டு. கோடே கூடாது. சுவரின் நிழலும் தரையின் நிழலும் ஒரே டோனா இருந்தா ரெண்டையும் ஒட்டவிடுங்க, நடுவில் விளிம்பு போடாதீங்க. இருபது ஜன்னல் இருந்தா மூணை முழுசா வரைஞ்சு, மிச்சத்தை ஒரு தூரிகைத் தீற்றலில் முடிங்க.

கட்டடத்தின் ரெண்டு பக்கக் கோடுகளும் தூரத்தில் போய்ச் சேர்ற மறைபுள்ளி ரெண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கினா கட்டடத்தின் மூலை கத்தி மாதிரி முன்னால் துருத்தும். பார்வைக் கோணம் 60 பாகையைத் தாண்டினாலே ஓரங்கள் இழுபடும். கட்டட அகலத்தைப் போல ஒன்றரை, ரெண்டு மடங்கு தள்ளி நின்னு பாருங்க.

கார்ட்டூன் ஓவியர் சால் ஸ்டைன்பர்க் மிலானில் கட்டடக்கலை படிச்சு, 1942-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் கோடுகளை வகுப்பில் காட்டலாம். அளவுகோலையே கிண்டல் பண்ணும்!

ஈரத்தாள்:
கறைக்குக் காரணம் பெரும்பாலும் தாள்தான். பேனாவுக்குப் பழகின கை வழவழப்பான ஹாட் பிரஸ் தாளைத் தேடும். அதில் ஈரம் மேலேயே தேங்கி, காயும்போது ஓரத்தில் கறைக்கோடு விழும். அதனால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில், கொஞ்சம் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாள் வாங்குங்க, முடிஞ்சா முழுப் பருத்தி. அதைவிட மெல்லிசான தாள்னா 5 நிமிஷம் தண்ணியில் ஊறவச்சு, பசை தடவின பிரவுன் பேப்பர் டேப்பால் மரப்பலகையில் நாலு பக்கமும் ஒட்டி, படுக்கவச்சுக் காயவிடணும். மாஸ்கிங் டேப் ஈரத்தில் பிடிக்காது.

ரப்பரால் அழிச்சு அழிச்சுத் திருத்தினா தாளின் பசைப்பூச்சு உரிஞ்சு, அந்த இடம் மட்டும் நிறத்தைக் குடிச்சுக் கருக்கும். டிரேசிங் பேப்பரில் திருத்தி முடிச்சுட்டுத் தாளுக்கு மாத்துங்க. வாஷின் பளபளப்பு மங்க ஆரம்பிச்சதும் தூரிகையைத் தள்ளி வைங்க. பாதி காய்ஞ்ச வாஷில் தண்ணி நிறைஞ்ச தூரிகை பட்டா, தண்ணி நிறமியை வெளியே தள்ளி காலிஃபிளவர் மாதிரி விரியும்.

நாடு மாறினா கடையில் கிடைக்கிற பிராண்டும் மாறும். டியூபின் பெயரை நம்பாதீங்க, நிறமிக் குறியீட்டைப் பாருங்க. அல்ட்ராமரீன் நீலம்னா பிபி29. பர்ன்ட் சியன்னா சிலரிடம் பிபிஆர்7, சிலரிடம் பிஆர்101. நிழலுக்கு இந்த ரெண்டையும் தனித்தனியா நீலத்தோடு கலந்தா சாம்பல் ஒரே மாதிரி வராது. பெயரில் ‘ஹியூ’ இருந்தா அது மாற்று நிறமி.

கோட்டுக்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. வகுப்பில் அளவுகோல் அனுமதிக்கலாமா?

நிழல்விரும்பி:
கண்மட்டக் கோட்டுக்கும் கிட்டத்தில் இருக்கிற ஒரு செங்குத்துக்கும் மட்டும். அப்புறம் வாங்கி வச்சுடுங்க.