டேட்டா என்ட்ரி வேலை: முன்பணம் கேட்கவில்லை, அக்ரிமென்ட் மட்டும் கேட்கிறார்கள். நம்பலாமா?

நத்தம் ரேவதி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம். கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலி சாஃப்ட்வேரில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பையன் சின்னவன், மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெளியே வேலைக்குப் போக வழியில்லை. ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததாகச் சொல்லி ஹெச்.ஆர். என்று ஒரு பெண் கூப்பிட்டார். தமிழ் நன்றாகவே பேசினார்.

வேலை இதுதான்: படமாக வரும் படிவங்களைப் பார்த்து அவர்களுடைய வெப்சைட்டில் டைப் செய்ய வேண்டும். 6 நாளில் 480 படிவம். ஒரு படிவத்துக்கு 35 ரூபாய், மொத்தம் 16,800. "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட் எதுவுமே கிடையாது மேடம். காசு கேக்குறவங்களை நம்பாதீங்க" என்று அவரே எனக்கு அறிவுரையும் சொன்னார்! ஆதார், பான், போட்டோ, வெள்ளைத்தாளில் கையெழுத்து, இவ்வளவும் அனுப்பினால் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாத அக்ரிமென்ட் போட்டு அனுப்புவார்களாம். மாதிரி அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு இடத்தில் துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் சம்பளம் கிடையாது, சர்வர் பயன்பாட்டுக் கட்டணம் 6,200 ரூபாய் நான் கட்ட வேண்டும் என்று இருக்கிறது.

நான் வேகமாக டைப் செய்வேன், தப்பு அதிகம் வராது. முன்பணம் கேட்காததால் வீட்டுக்காரரும் செய்து பார் என்கிறார். எனக்கு அந்த 6,200 மட்டும்தான் உறுத்துகிறது. இன்னும் எதுவும் அனுப்பவில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா?

சும்மா ஒருத்தன்:

ஆறு நாள்ல 16,800-ஆ? ஆடிட்டர் ஆபீஸ்ல மாசம் எவ்வளவு குடுத்தாங்கன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க சகோ. பிளாக் பண்ணிட்டுப் போயிட்டே இருங்க.

அருப்புக்கோட்டை ஜெராக்ஸ்:

தங்கச்சி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வச்சிருக்கேன். இந்த அக்ரிமென்ட்டைப் பிரின்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு வக்கீல் நோட்டீஸைப் பிரின்ட் எடுக்கவும் அதே ஆளுங்க வருவாங்க, முகம் செத்துப்போய். அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுத்துக்கங்க.

முன்பணம் கேட்டாத்தான் ஃபிராடுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பென்சில் பேக்கிங், கேப்ச்சா டைப்பிங்னு 500, 1,000 கேட்டு வாங்குனது பழைய கணக்கு. இப்ப இவனுங்க முதல்ல ஒத்தப் பைசா கேக்க மாட்டானுங்க. உங்ககிட்டயே கையெழுத்து வாங்கி உங்களையே கடன்காரியாக்கிடுவானுங்க. அந்த 6,200 வரி ஏதோ நிபந்தனைன்னு நினைக்காதீங்க. அவனுக்குப் பொழைப்பே அந்த வரிதான், மிச்ச பதினஞ்சு பக்கம் சும்மா.

எப்படி நடக்கும்னு சொல்றேன். படிவம் மங்கலா வரும். ஆங்கில 'ஓ'வா சைபரா, 'ஐ'யா 'எல்'லா ஒண்ணான்னு கண்டே பிடிக்க முடியாது. ஒரு படிவத்துல பேரு, முகவரி, லோன் நம்பர், பான் நம்பர்னு இருபது கட்டம் இருக்கும். ஒரு கட்டத்துல கமாவுக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் கூடுனாலும் முழுப் படிவமும் தப்புன்னு அக்ரிமென்ட்லயே எழுதியிருப்பான், பாருங்க, உங்க மாதிரிலயும் இருக்கும். 480-ல 49 படிவம் அப்படிப் போனா 90-க்குக் கீழ வந்துடும். நீங்க தப்பில்லாம அடிச்சாலும் விட மாட்டானுங்க. கடைசி நாள் ராத்திரி வெப்சைட் திறக்காது, இல்லேன்னா அடிச்சதெல்லாம் சேவ் ஆகாது. ஹெச்.ஆர். போனை எடுக்காது. மறுநாள் காலையில டாண்ணு, தப்பு எத்தனைன்னு சரிபார்த்ததா ஒரு க்யூசி ரிப்போர்ட் வரும்: 84 சதவீதம், 86 சதவீதம். நூத்துக்கு நூறு வேலை முடிச்சுச் சம்பளம் வாங்குன ஒருத்தரையும் என் கடையில நான் பாத்ததில்ல.

இதுல இன்னொண்ணும் யோசிங்க. ஒரு படத்துல இருக்குற எழுத்தை இன்னிக்குக் கையில இருக்குற போனே படிச்சுக் குடுத்துடுது. அதுக்குப் படிவத்துக்கு 35 ரூபா எவன் குடுப்பான்? உண்மையிலேயே லோன் வாங்குனவங்க படிவமா இருந்தா, அவங்க பான் நம்பரையெல்லாம் முன்னப் பின்ன தெரியாத உங்களுக்கு எந்த கம்பெனி அனுப்பும்?

போன தடவை ரெண்டு பேர் ஒரே வாரத்துல வந்தாங்க. ஒருத்தர் பாலையம்பட்டி, இன்னொருத்தர் காரியாபட்டி. வேற வேற கம்பெனி பேரு, வேற வேற ஊரு முகவரி. ஆனா ரெண்டு அக்ரிமென்ட்லயும் ஸ்டாம்ப் பேப்பர் சீரியல் நம்பர் ஒண்ணே. ஒரே பேப்பரை ஸ்கேன் பண்ணி வச்சுக்கிட்டு, கீழ எழுத்தை மட்டும் மாத்தி மாத்தி ஊருக்கெல்லாம் அனுப்புறானுங்க. மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சப்பதான் தெரிஞ்சது. ஒத்தையாப் பாத்தா அசல் மாதிரியேதான் இருக்கும்.

கம்பெனி இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு சின்ன வேலை சொல்றேன். ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க. 15 இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, குஜராத் 24. அடுத்த பத்தும் அவங்க பான் நம்பர். ஜிஎஸ்டி தளத்துல லாகின் பண்ணாமலே அதை அடிச்சா பேரு, முகவரி, என்ன தொழில், நடப்புல இருக்கா ரத்தாயிடுச்சான்னு எல்லாம் வந்துடும். சரியா வந்துட்டா நல்ல கம்பெனின்னு அர்த்தம் இல்ல, அடுத்தவன் நம்பரையும் குடுப்பானுங்க. ஆனா தப்பா வந்துட்டா அதோட பேச்சை முடிச்சுக்கலாம்.

மாநகர் மல்லிகா:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் வங்கி கவுன்டரில் பல வருஷம் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள், மதுரை. நான் அங்கே பார்த்தது வேறு இரண்டு வகை.

ஒன்று டெலிகிராம் வேலை. யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் போடு, 150 ரூபாய் தருகிறோம் என்பார்கள். அந்த 150 நிஜமாகவே கணக்குக்கு வந்துவிடும், அங்கேதான் மனசு விழுகிறது. பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்', ஆயிரம் போட்டால் 1,300. அதற்குமேல் பெரிய தொகை போட வைத்து, எடுக்கப் போனால் வரி கட்டு, கிரெடிட் ஸ்கோர் குறைகிறது என்று இழுப்பார்கள். குரூப்பில் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிற மற்ற உறுப்பினர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே. இந்த மாதிரி பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கு மேல் 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி முடக்கப்பட்டன. முடக்க முடக்க வேறு பெயரில் வருகின்றன.

பலருக்குத் தெரியாதது ஒன்று: முதலில் வருகிற அந்த 150 வேறு யாரோ ஏமாந்த பணம். அவர் எங்கோ ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ புகார் கொடுத்தால், பணம் போன வழியில் இருக்கிற கணக்குகளை எல்லாம் போலீஸ் நிறுத்தச் சொல்லும். உங்கள் கணக்கும் அதில் மாட்டும். சம்பளக் கணக்கு, கேஸ் மானியம், மகளிர் உரிமைத் தொகை எல்லாம் அதே கணக்கில் வந்தால் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்று 'பேமென்ட் ஏஜென்ட்' வேலை. உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை என்பார்கள். அதில் இறங்குபவர் ஏமாந்தவர் பட்டியலில் வரமாட்டார், குற்றவாளி பட்டியலில் வருவார். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்து வாடகைக்குக் கொடுத்த கல்லூரிப் பையனின் அப்பா கவுன்டர் முன்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நத்தம் ரேவதி:

ரொம்ப நன்றி அண்ணா, மல்லிகா அக்கா. ஜிஎஸ்டி நம்பர் கேட்டேன். "எதுக்கு மேடம், நம்பிக்கை இல்லையா" என்று முதலில் கோபப்பட்டு, அப்புறம் அனுப்பினார்கள். லெட்டர்ஹெட்டில் பெங்களூரு முகவரி, நம்பர் 24-இல் ஆரம்பிக்கிறது. தளத்தில் போட்டால் சூரத்தில் ஒரு ஜவுளி வியாபாரம், பதிவும் ரத்து. ஸ்கிரீன்ஷாட்டை அவர்களுக்கே அனுப்பினேன். என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆனால் இன்னொரு விஷயம். இந்த வேலைவாய்ப்புத் தளத்தைச் சொன்னதே என் ஓரகத்திதான். இன்று காலையில் அவரிடம் பேசும்போதுதான் தெரிந்தது, அவருக்கும் இதே போல் ஒரு போன் வந்து, ஆதார் எல்லாம் கொடுத்து, கையெழுத்தும் போட்டு, நாலு நாளாக டைப் செய்துகொண்டிருக்கிறார். கொழுந்தனாருக்குத் தெரியாது. ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு உட்கார்ந்து செய்கிறார். நிறுத்தச் சொன்னால், "நிறுத்தினால் கேஸ் போடுவார்கள், அக்ரிமென்ட்டில் இருக்கிறது" என்று பயப்படுகிறார். நிஜமாகவே கேஸ் போட முடியுமா?

அருப்புக்கோட்டை ஜெராக்ஸ்:

முதல்ல அந்தப் பிள்ளையத் தூங்கச் சொல்லுங்க. கண்ணு முழிச்சு அடிச்சாலும் 84 சதவீதம்தான் வரப்போகுது.

வர்றது இதுதான்: வாட்ஸப்புல ஒரு பிடிஎஃப். மேல மூணு சிங்க முத்திரை, கீழ சிவப்புல 'ஃபைனல் வார்னிங்', 24 மணி நேரத்துல கட்டலேன்னா கைதுன்னு இருக்கும். அப்புறம் கறுப்புக் கோட்டு போட்டோ வச்ச நம்பர்ல இருந்து ஒருத்தன் கத்துவான். 6,200 கட்டுனா முடிஞ்சிடும்னு கட்டுவாங்க. முடியாது. பாக்கி இல்லேன்னு தர்ற என்.ஓ.சி. சர்டிபிகேட்டுக்கு 8,000, கோர்ட்ல கேஸை வாபஸ் வாங்க 12,000-னு போயிட்டே இருக்கும். முதல் தடவை கட்டுனவங்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவானுங்க.

என் கடைக்கு மாடியில ஒரு வக்கீல் சார் இருக்காரு. அவர் சொன்னதைச் சொல்றேன். ஒப்பந்தப்படி வேலை முடிக்கலேங்கிறது சிவில் விவகாரம். அதுக்குப் போலீஸ் வந்து கைது பண்ணாது. ஏமாத்தி வாங்குன சம்மதத்துல போட்ட ஒப்பந்தத்தை, ஏமாந்தவங்க செல்லாதுன்னு ரத்து பண்ணலாம், 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு. தனியார் வக்கீல் லெட்டர்ஹெட்ல சிங்க முத்திரை போடவே கூடாது, அதைத் தடுக்க 2005-ல தனிச் சட்டமே வந்திருக்கு. கேஸ் போட்டாச்சுன்னு சொன்னா சிஎன்ஆர் நம்பர் குடுன்னு கேளுங்க, ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட்ல தர்ற நம்பர் அது. எழுத்தும் எண்ணுமா 16 இருக்கும், இ-கோர்ட்ஸ் தளத்துல அடிச்சா கேஸ் இருந்தா வந்துடும். இதுவரைக்கும் எவனும் குடுத்ததில்ல.

நிஜ வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபால்ல வந்துச்சுன்னா மட்டும் தூக்கிப் போடாம ஒரு வக்கீல்கிட்டக் காட்டுங்க.

இப்ப செய்ய வேண்டியது: அக்ரிமென்ட், வாட்ஸப் பேச்சு, வந்த நம்பர்கள், வெப்சைட் முகவரி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற போனுக்கு அனுப்பி வைங்க. எதையும் அழிக்காதீங்க. அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல புகார் போடுங்க. பணம் போகலேன்னாலும் போடலாம். பணம் போயிருந்தா யோசிக்காம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்க, பணம் அவனுங்க கணக்குல இருக்கும்போதே நிறுத்தணும். அவங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லச் சொல்லுங்க. "உங்க புருஷனுக்கு, சொந்தக்காரங்களுக்கு அனுப்புவோம்"னுதான் அடுத்த மிரட்டல் வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த மிரட்டலுக்கு வேலையில்ல.

மாநகர் மல்லிகா:

ஆதார், பான் இரண்டும் போய்விட்டதால் சில வேலைகள் இருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்து, தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கிரெடிட் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இப்போது ஒன்று எடுத்துப் பார்க்கட்டும், வாங்காத கடன் அதில் இருந்தால் தெரிந்துவிடும். இனி யாருக்கு ஆதார் கொடுத்தாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நத்தம் ரேவதி:

நேற்று ராத்திரி கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டோம். கொஞ்சம் சத்தம் போட்டார், அப்புறம் அவரே உட்கார்ந்து புகார் போட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே சிங்கம் போட்ட பிடிஎஃப் இன்று வந்தது. சிஎன்ஆர் நம்பர் கேட்டதும், "எங்களுக்கே சட்டம் சொல்லித் தர்றியா" என்று பதில். அதோடு சரி.

வீட்டிலிருந்து செய்ய நிஜமான வேலையே கிடையாதா அண்ணா?

அருப்புக்கோட்டை ஜெராக்ஸ்:

இருக்கு. ஆனா அது உங்களைத் தேடி வாட்ஸப்புல வராது, நீங்கதான் தேடிப் போகணும். உங்களுக்கு டேலி தெரியும். திண்டுக்கல்ல பழைய ஆடிட்டரையே கேளுங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்துல பில் என்ட்ரி போட ஆள் இல்லாம எல்லா ஆபீஸும் திண்டாடும். நத்தத்துலயே கடைக்காரங்க நாலு பேருக்கு மாசக் கணக்கு எழுதலாம். பத்திரம் எழுதுறவங்க, வக்கீல் ஆபீஸ்ல தமிழ் டைப்பிங் வெளியில குடுப்பாங்க, பக்கத்துக்கு இவ்வளவுன்னு. சம்பளம் 16,800 எல்லாம் ஆறு நாள்ல வராது. யூனிகோடு டைப்பிங் தெரியுமா, இல்ல பழைய பாமினி ஃபான்ட் மட்டும்தானா? பத்திர ஆபீஸ்ல ரெண்டும் கேப்பாங்க.