மறு: 'இலக்கு வாடிக்கையாளர்' - வேறு சொல் வேண்டும்

வணக்கம். நம் சுயதொழில் கைந்நூலின் கலைச்சொல் பட்டியலில் target customer, அதாவது நாம் யாருக்கு விற்க நினைக்கிறோமோ அவர், என்பதற்கு 'இலக்கு வாடிக்கையாளர்' வேண்டாம், வேறு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> 'இலக்கு வாடிக்கையாளர்' நிலைத்துவிட்டது. இனி ஏன் மாற்ற வேண்டும்?

தம்பி, நிலைத்துவிட்டது உண்மைதான். ஆனால் சொல்லின் இரண்டு பாதியும் எனக்கு நெருடுகிறது.

வாடிக்கை என்றால் வழமையாக நடப்பது. கடையே திறக்காமல், யாருக்கு விற்கலாம் என்று யோசிக்கிறவருக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? வாங்குவோர் என்ற பொருளில் 'கொள்வோர்' என்பதே அங்கே பொருந்தும். 'இலக்கு', நோக்கம் என்ற பொருளில் நல்ல சொல். ஆளின்மேல் வைக்கும்போதுதான் சிக்கல். வன்னியில் போர்க்காலச் செய்திகளில் அது குண்டு விழுகிற இடம். புதுக்குடியிருப்பில் சுயதொழில் வகுப்புக்கு வந்த பெண்ணிடம் 'உங்கள் இலக்கு யார்?' என்று கேட்க எனக்கு மனம் வராது. பொருளும் சரியாக வரவில்லை. இலக்கைக் குறிபார்த்தால் போதும். கொள்வோரை அறியவும் வேண்டும்.

கறித்தூளையே எடுப்போம். கிளிநொச்சியில் ஒருவர் வறுத்து அரைத்துப் பைக்கற்றில் விற்கிறார். செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கித் தாங்களே வறுத்து மில்லுக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர் அவசரத்துக்கு மட்டும் வருவார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் கிலோக்கணக்கில் கேட்பார், கடனும் கேட்பார். அப்புறம், ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ போகிறவரின் பெட்டியில் வைக்க வாங்குகிற அம்மா. அவருக்கு விலை பிறகு. மணம் வெளியே வரக்கூடாது, உடுப்பில் கொட்டக்கூடாது, பை இரண்டு தரம் ஒட்டியிருக்க வேண்டும். காசு அங்கிருந்து மகன் அனுப்பியது, வாங்குவது இங்கே தாய், சமைப்பது அங்கே மருமகள். இந்த மூவரையும் 'நுகர்வோர்' என்று ஒரே சொல்லில் அடக்கினால், பையை யாருக்காக இரண்டு தரம் ஒட்டுகிறோம் என்பதே மறைந்துவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். காலபோக (மழைக்கால நெல்) அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல்காரர் கையில் காசு புரளும். விதைப்பு நேரம் அதே வீட்டின் பெயர் கடன் கொப்பியில் இருக்கும். அதனால் 'வாங்குவீர்களா?' என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் ஓம் என்பார்கள். 'கடைசியாக எங்கே, எவ்வளவு வாங்கினீர்கள்?' என்று கேளுங்கள்.

என் முன்மொழிவு: தெரிகொள்வோர். தெரிதல் என்றால் தேர்தல், அறிதல் இரண்டும். யாருக்கு விற்பது என்று நாம் தேர்வதும் அவரை அறிவதும், நமக்கு வேண்டியது அந்த இரண்டுதான்.

> தாமே தெரிந்தெடுத்து வாங்குவோர் என்று படாதா?

படும், அக்கா. வினைத்தொகையில் அந்த மயக்கம் வரும். 'தெரிவுக் கொள்வோர்' என்றால் மயக்கம் குறையும், ஆனால் அறிதல் என்ற பொருளும் மங்கிவிடும். கலைச்சொல் பட்டியலில் விளக்கம் சேர்த்துத் தெரிகொள்வோர் என்றே போடலாம் என்பது என் எண்ணம். வகுப்பில் 'யாருக்கு விற்கிறோம்?' என்ற கேள்வியே போதும்.

சந்தையைக் கூறுபடுத்திப் பார்ப்பது (market segmentation) பற்றி அமெரிக்கச் சந்தைப்படுத்தல் அறிஞர் வென்டல் ஸ்மித் 1956 இல் எழுதிய கருத்துக்கு 'சந்தைக் கூறாக்கம்' சரியாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

இன்னும் ஒன்று மிச்சம். ஒருவரின் தொழில், வருமானம் வரும் காலம், வாங்கும் இடம் எல்லாம் எழுதிவைக்கும் தாளுக்குப் பெயர் வேண்டும். நான் 'கொள்வோர் விவரம்' என்று எழுதிவருகிறேன். 'கொள்வோர் சித்திரம்' நன்றாக இருக்குமா? கைந்நூல் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.