70 புள்ளி எடுத்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

கரையோரத்தான்:
நேற்று எங்கள் பழைய மாணவர் சங்கக் குழுவில் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணை எழுதியிருந்தார்: "யாழ் நகரப் பள்ளிக்கூடங்களில் வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் சோதனையில் 70 புள்ளி தாண்டுகிறார்கள். வாசிப்பு வகுப்புக்குக் காசு வீண், ஸ்மார்ட் போர்ட் வாங்குவோம்." எனக்கு நித்திரை வரவில்லை.

நான் குருநகரில் ஒரு வீட்டு விறாந்தையில் பின்னேரம் பதினொரு பிள்ளைகளை வாசிக்கப் பழக்குகிறேன். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ஒருவனுக்குப் புலமைப்பரிசிலில் 200க்கு 74. 'கொக்கு' என்று எழுதிக் காட்டினேன். கொம்பைக் (ெ) கண்டதும் நின்றுவிட்டான். கொம்பு முன்னால் நிற்கிறது, அரவு (ா) பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ஒரு சத்தம் என்று அவனுக்கு யாரும் பக்கத்தில் இருந்து பிரித்துக் காட்டவில்லை. பலகை அதைக் காட்டாது. அந்தக் காசை ஒரு ரீச்சருக்குக் கொடுப்பனவாகக் கொடுங்கள்.

ரொறன்ரோச் செல்வன்:
அந்த அண்ணை நான்தான். ஒளித்து எழுதத் தேவையில்லை. 70 சும்மா வராது தம்பி. இரண்டு வினாப் பத்திரத்திலும் 35 எடுக்க வேண்டும். இரண்டாம் பத்திரத்தில் கையால் எழுத வேண்டும். எழுத்துத் தெரியாதவன் எப்படி எழுதினான்? நான் பனிக்குள் வேலைக்குப் போய் உழைத்த காசு இது. கண்டபடி கொட்ட முடியாது.

கரையோரத்தான்:
முதலாம் பத்திரம் 40 கேள்வி, தந்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தெரிவதுதான். இரண்டாம் பத்திரம் 60 கேள்வி. கணக்கு, படம், உருவம், ஒரு சொல் விடை என்று நிறைய வரும். மாதிரி வினாத்தாளை இரண்டு வருடம் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளை கேள்வியின் உருவத்தைப் பார்த்தே விடையைப் போட்டுவிடும். பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அப்போது தெரியும். 70 என்பது 200இல் 70. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

நல்லூர் ரீச்சர்:
தம்பி, நான் ஆரம்பப் பிரிவில் முப்பது வருடம் படிப்பித்தவள். "யாரும் பிரித்துக் காட்டவில்லை" என்று எழுதியதை வாபஸ் வாங்கும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். அந்த வருடம் முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கொம்பும் சுழியும் பழக வேண்டிய நேரம் வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதையும் தகப்பன் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் பூட்டு. அந்தப் பிள்ளைகள்தான் 2024இல் சோதனை எழுதினார்கள். பழியை ரீச்சர்மார் தலையில் போடாதேயும்.

கரையோரத்தான்:
ரீச்சர், நீங்கள் சொன்னதோடு எனக்கு நூறு வீதம் உடன்பாடு. ஆனால் நீங்களும் 70ஐப் பற்றி வாய் திறக்கவில்லையே.

நல்லூர் ரீச்சர்:
உமக்கு மரியாதையாகப் பேசத் தெரியாதா?

வடலி:
இலவசக் கல்வி 1945இல் வந்தது. புத்தகம் 1980 முதல், சீருடை 1993 முதல் அரசாங்கம் தருகிறது. வாசிக்கப் பழக்குவதும் அரசாங்கத்தின் வேலை. எதற்கெடுத்தாலும் வெளிநாட்டுக்காரரிடம் கை நீட்டுவதை எப்போது நிறுத்தப் போகிறோம்? ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது கனடாக் காசா வந்தது?

ரொறன்ரோச் செல்வன்:
நாவலருக்கு முன்னமே அமெரிக்க மிஷன்காரர் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிவிட்டார்கள். அது எந்த ஊர்க் காசு? வரலாறு தெரிந்துகொண்டு கதையுங்கள்.

வடலி:
மதம் மாற்ற வந்தவர்களோடு நாவலரை ஒப்பிடுகிற ஆளுக்குப் பதில் சொல்ல மாட்டேன். அதை விடுங்கள், போன தடவை நுழைவாயில் வளைவு கட்டச் சேர்த்த காசின் கணக்கு எங்கே?

கரையோரத்தான்:
நாவலரையும் மிஷனையும் விடுங்கள் ஐயா. இருவரும் பிள்ளையை இருத்தி எழுத்துப் பழக்கியவர்கள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 74 எடுத்தவன் 'கொக்கு' வாசிக்கவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது? அவன் இப்போது தரம் 6இல் வரலாறும் விஞ்ஞானமும் படிக்க வேண்டும். பின் வாங்கிலில் இருந்து பார்த்து எழுதுகிறான். அழகான கையெழுத்து. எழுதியதை வாசி என்றால் தலையைக் குனிகிறான். இன்னும் இரண்டு வருடத்தில் தகப்பனோடு கடலுக்குப் போய்விடுவான், அப்போது இடைவிலகல் என்று ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பக்கத்தில் இருந்து பழக்கினால் ஆறு மாதத்தில் வாசிப்பான். போன வருடம் வந்த பிள்ளைகளிடம் கண்டேன். ஒரு ரீச்சர், இருபது கதைப் புத்தகம், பின்னேரத்துக்கு ஒரு பணிஸ். இவ்வளவுதான் கேட்டேன்.

ரொறன்ரோச் செல்வன்:
ஒரு பிள்ளையை வைத்து யாழ்ப்பாணம் முழுவதையும் கேவலப்படுத்துகிறீர். 1981இல் 97,000 புத்தகத்தோடு நூலகத்தை எரித்தும் படிப்பை விடாத ஊர் இது. வெளியில் யாராவது வாசித்தால் என்ன நினைப்பார்கள்? 70க்கு மேல் என்றால் சித்தி. அவ்வளவுதான்.

கரையோரத்தான்:
நூலகத்தைச் சொல்லி என்னை அடக்காதீர்கள். அந்த நூலகத்துக்கு இவன் போனால் எந்தப் புத்தகத்தை வாசிப்பான்? ஊரின் பெயர் கெடும் என்று மூடி வைத்துத்தான் இவ்வளவு பிள்ளைகள் பின் வாங்கிலில் இருக்கிறார்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவீர்கள்தானே, ஒரு பின்னேரம் விறாந்தைக்கு வாருங்கள். நீங்களே எழுதிக் காட்டுங்கள், அவன் வாசிக்கிறானா பாருங்கள்.

ரொறன்ரோச் செல்வன்:
நான் சோதனை வைக்க வரவில்லை. சோதனைத் திணைக்களம் வைத்துவிட்டது. 74 போட்டிருக்கிறது.

நல்லூர் ரீச்சர்:
இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

கரையோரத்தான்:
200இல் 74, அண்ணை. 200இல்.

வடலி:
வளைவின் கணக்கைக் கேட்டு இது மூன்றாவது தடவை.