பெருந்துறையிலிருந்து கோகர்ணம் வரை மோட்டார் சைக்கிளில்: பின்னால் அமர்பவரின் ஐயங்கள்

தறிக்காரர் வீட்டம்மா (பெருந்துறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைக்கு அருகில் விசைத்தறி நடத்தும் குடும்பம் எங்களுடையது. பொங்கலுக்குத் தறியோட்டுபவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால், ஆண்டில் அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் எங்களுக்கென்று கிடைக்கும் ஓய்வு. எப்போதும் காரில் ஊட்டிக்கோ பழனிக்கோ போய்வருவோம். இந்த முறை மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் புறப்பட்டு, மோட்டார் சைக்கிளிலேயே கோகர்ணம் வரை சென்று திரும்பலாம் என்று என் கணவர் சொல்கிறார். வண்டி ஸ்போக் சக்கரம் உள்ள கிளாசிக் 350.

அவர் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு, கோபி, சத்தியமங்கலம், திம்பம், மைசூரு, மடிக்கேரி வழியாக இரவுக்குள் மங்களூர். இது சுமார் 450 கி.மீ. இரண்டாம் நாள் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 235 கி.மீ. ஓட்டிக் கோகர்ணம். அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு, ஜோக் அருவி, சிவமொக்கா, மைசூரு வழியாக வீடு திரும்புவது.

எனக்கும் போக வேண்டும் என்ற ஆசை நிறையவே இருக்கிறது. ஆனால் எனக்கு வயது நாற்பத்தாறு. பழனிக்கு அப்பால் நான் வண்டியில் உட்கார்ந்து போனதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி வைத்திருந்தால் வலது முழங்கால் வலிக்கும். ஓட்டுபவருக்கு 450 கி.மீ. முடியும் என்பதால் பின்னால் இருப்பவருக்கும் முடியும் என்று கொள்ளலாமா? வழி, தங்குமிடம், உடை, மூட்டை முடிச்சு என எதைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். "கார ஊட்டுல நிறுத்தி வெச்சுப்போட்டு ஆராச்சும் வண்டியில அத்தாந்தூரம் போவாங்களா?" என்று என் மாமியார் கேட்பதற்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், அதை இங்கே யாரும் விவாதிக்க வேண்டாம்.

பண்ணாரிப் பாதை (சத்தியமங்கலம்) எழுதியது:

வணக்கம் அம்மணி. வழி சரியானதுதான், நாள் கணக்குதான் சரியில்லை. சமவெளியில் நான்கு வழிச்சாலையில் ஓடும் 450 கி.மீ. வேறு, திம்பம் ஏறி, மடிக்கேரி மலையைத் தாண்டி, சம்பாஜே மலைச்சாலையில் இறங்கும் 450 கி.மீ. வேறு. தை மாதத்தில் ஆறரை மணிக்குள் இருட்டிவிடும். உங்கள் கணவரின் திட்டப்படி சென்றால், நாளின் மிகக் கடினமான இறக்கத்தை, உடல் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், இருட்டில் கடக்க வேண்டிவரும். அதற்கு முன்பே, மைசூரிலிருந்து மடிக்கேரிக்குப் பிற்பகலில் மேற்கு நோக்கி ஓட்டும்போது சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

திம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பயணத்தில் அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் சாலை என்பதால் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. இரவெல்லாம் சோதனைச் சாவடியில் காத்திருக்கும் லாரிகள் காலை 6 மணிக்கு வழி திறந்ததும் வரிசையாக ஏறத் தொடங்கும். அதிகாலையில் புறப்பட்டுவிட்டால் சாலை காலியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையின் வாலில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, எட்டு, எட்டரை மணிக்குப் பண்ணாரியைத் தாண்டுங்கள். பனி மூட்டமும் ஓரளவு விலகியிருக்கும்.

நீண்ட லாரி ஒன்று வளைவில் திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். மேலே இருந்து லாரி இறங்குவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே ஓரமாக நின்று, அது முழுதாகத் திரும்பி முடித்த பிறகு ஏறுவதுதான் இந்த மலையின் வழக்கம். பின்னால் ஆளும் சுமையும் இருக்கும்போது வளைவின் நடுவில், சரிவில் நின்றால், காலூன்றுவதும் மீண்டும் கிளப்புவதும் மிகவும் சிரமம். திம்பத்துக்கு அப்பால் காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம், கரும்பு ஏற்றிவரும் லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் வந்து நிற்பது வழக்கம். லாரிக்காரர் ஒரு கட்டுக் கரும்பை இழுத்துக் கீழே போட்டுவிட்டு நகர்வார், யானை துதிக்கையால் அதை வாரிக்கொண்டு அங்கேயே மென்றுகொண்டிருக்கும். காரில் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரு சக்கர வண்டியில் இருக்கும் நீங்கள் நல்ல தொலைவிலேயே நின்று, நீங்கள் செல்லும் திசையிலேயே ஒரு பேருந்தோ லாரியோ வரும்வரை பொறுத்திருந்து, அதன் மறைவில் கடந்துவிடுங்கள். படம் எடுப்பதற்காக இறங்கவே வேண்டாம்.

என் யோசனை: முதல் நாள் மைசூரு வரை மட்டும், அது சுமார் 190 கி.மீ. இரண்டாம் நாள் மடிக்கேரி, 120 கி.மீ.தான், வழியில் குசால்நகருக்கு அருகே பைலகுப்பேயில் திபெத்தியர் குடியிருப்பையும் அவர்களது பொற்கோயிலையும் பார்க்கலாம். மூன்றாம் நாள் மங்களூரைத் தாண்டி உடுப்பி. நான்காம் நாள் கோகர்ணம். உடுப்பிக்கு வடக்கே மரவந்தேயில் சாலையின் ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் சௌபர்ணிகை ஆறு என்று செல்லும் பகுதியை அவசரமில்லாமல் பார்க்க வேண்டாமா? அங்கிருந்து முருடேசுவரமும் வழியிலேயே இருக்கிறது. திரும்பும்போது ஜோக் அருவிக்கென்று ஒரு நாளைச் செலவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மேலே இலிங்கனமக்கி அணையில் நீர் தேக்கப்படுவதால், மழைக்காலம் தவிர்த்த நாட்களில் பாறையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆனால் ஹொன்னாவரத்திலிருந்து ஜோக் ஏறும் காட்டுச்சாலை அழகானது என்பதை மறுக்க மாட்டேன்.

நாமக்கல் நெடுஞ்சாலை எழுதியது:

திம்பத்தில் இவ்வளவு தொல்லை எதற்கு? சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று நான்கு வழிச்சாலையில் சென்று, அங்கிருந்து விரைவுச்சாலையில் மைசூரை அடையலாமே. தேசிய நெடுஞ்சாலைகளில் இரு சக்கர வண்டிக்குச் சுங்கக் கட்டணமும் இல்லை.

பண்ணாரிப் பாதை (சத்தியமங்கலம்) எழுதியது:

பெங்களூரு மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இரு சக்கர வண்டிகளுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் அனுமதி இல்லை நண்பரே. பக்கவாட்டுச் சாலையில்தான் ஊர் ஊராகப் போக வேண்டும். போதாக்குறைக்குப் பெங்களூரு நகரத்தையும் கடந்தாக வேண்டும். திம்பத்தின் 27 வளைவுகள் அதைவிட மேல்.

பின்னிருக்கைக்காரி (திருப்பூர்) எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில், ஓட்டுபவருக்கு முடிவது பின்னால் இருப்பவருக்கும் முடியும் என்று கொள்ளக் கூடாது என்பதே. ஓட்டுபவரின் கைகளும் கால்களும் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. சாலையில் வரும் குழியும் வேகத்தடையும் அவருக்கு முன்கூட்டியே தெரிவதால் உடல் அதற்குத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அவரது தலைக்கவசத்தின் பின்புறம்தான் தெரியும், குலுக்கல் மட்டும் முன்னறிவிப்பின்றி முதுகுத்தண்டில் வந்து இறங்கும். அதுவும் பின்சக்கரத்தின் மேலேயே நாம் உட்கார்ந்திருப்பதால் அடி நமக்குத்தான் அதிகம். ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பின்னால் அமர்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் உறுதியாகிவிட்ட ஏற்பாடு. முதல் முறை செல்பவருக்கு 200 கி.மீ. என்பதே தாராளமான அளவு.

முழங்காலைப் பற்றிச் சொன்னீர்கள். வலி வந்த பிறகு நிறுத்துவதில் பயனில்லை. நாற்பது, ஐம்பது நிமிடங்களுக்கு ஒருமுறை, வலிக்கிறதோ இல்லையோ, இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். கால்மிதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மிதிக்கும் இருக்கைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கும். இருக்கையின் மேல் கட்டிக்கொள்ளும் காற்று மெத்தை ஒன்று வாங்கினால் உட்காரும் இடமும் இதமாகும், இரண்டு விரல்கடை உயரமும் கிடைக்கும். பொங்கலுக்கு முன்பே அதைக் கட்டிக்கொண்டு ஒருமுறை கொடுமுடிக்கோ தாராபுரத்துக்கோ போய்வந்து பாருங்கள்.

உடையில் துப்பட்டாவும் புடவையும் வேண்டாம். சக்கரத்திலோ செயினிலோ துணி சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் பஞ்சணை வைத்த ரைடிங் பேண்ட், அதேபோல ஒரு மேற்சட்டை, கணுக்காலை மூடும் காலணி, கையுறை ஆகியவை உங்களுக்கும் வேண்டும், அவருக்கு மட்டும் அல்ல. பல வீடுகளில் ஓட்டுபவருக்கு விலை உயர்ந்த முழுமுகத் தலைக்கவசமும், மனைவிக்குக் கடைவீதியில் வாங்கிய அரைக் கவசமும் இருப்பதைப் பார்க்கிறேன். விழுந்தால் சாலை இருவருக்கும் ஒன்றுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தாடையை மூடும் கவசத்தை உங்கள் தலை அளவுக்கு அணிந்து பார்த்து வாங்குங்கள். கோகர்ணம் மகாபலேசுவரர் கோயிலுக்கென்று மெல்லிய பருத்திப் புடவை ஒன்றைப் பையின் அடியில் வைத்துக்கொண்டால் போதும்.

பெண்கள் வெளியில் பேசாத ஒன்று, கழிப்பறை. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் மாலையில் தலைவலி மண்டையைப் பிளக்கும். பெட்ரோல் நிரப்ப நிறுத்தும் இடத்திலேயே போய்விடுவது, சிற்றுண்டிக்குக் குடும்பங்கள் வந்துபோகும் உணவகமாகப் பார்த்து நிறுத்துவது என்று பழகிக்கொள்ளுங்கள். சோப்புத் தாளும் அணையாடைகளும் எட்டும் இடத்தில் இருக்கட்டும், பெரிய பையின் அடியில் அல்ல. இருவரும் பேசிக்கொள்ளத் தலைக்கவசத்தில் பொருத்தும் ப்ளூடூத் கருவி கிடைக்கிறது. அது பாட்டுக் கேட்பதற்கான ஆடம்பரம் என்று உங்கள் கணவர் சொன்னால், "நிறுத்துங்கள்" என்று முதுகில் தட்டிச் சொல்வதற்கும், ஒரு கி.மீ.க்கு முன்பே சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன் (ஈரோடு) எழுதியது:

வண்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். இருவருக்கு 350 சிசி தாராளம். வேகத்தை மட்டும் 80ஐத் தாண்டவிடாதீர்கள்.

பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் பல படிகளாக இருக்கும். தனியாளாக ஓட்டும் அளவிலேயே அதை விட்டுவிட்டு ஆளும் பையும் ஏற்றினால், வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து, குழியில் அடி தட்டும். சகோதரியின் முதுகு வலிக்கும் அதுதான் பெரும் காரணம். பின்பக்கம் அமிழ்ந்தால் முகப்பு விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும், உங்களுக்குச் சாலை தெரியாது. கருவிப் பையில் உள்ள சி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படியில் இறுக்குங்கள். டயர் காற்றையும் பின்னால் ஆள் இருக்கும்போது வைக்க வேண்டிய அளவுக்கு ஏற்றுங்கள். அது உங்கள் வண்டியின் கையேட்டிலேயே தனியாக அச்சிடப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்ப்பதுதான் சரியான கணக்கு. செயினை ஆள் ஏறாதபோது விறைப்பாக இறுக்கிவிட்டால், சுமை ஏறியதும் இன்னும் இறுகிப் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும். 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

சுமையைக் கீழேயும் முன்னாலும் வையுங்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் பெட்டி ஒன்றைப் பொருத்தி அதில் கனமானவற்றை அடைத்தால், பின்பாரம் ஏறிய மாட்டு வண்டியின் நுகத்தடி மேலெழுவதுபோல முன்சக்கரம் இலேசாகி, வளைவில் கைப்பிடி சொன்னபடி கேட்காது. பெட்டியில் துணிமணி மட்டும் இருக்கட்டும். வலது பக்கத் தொங்குபை சைலன்சரில் படாமல் இருக்கிறதா என்று, சகோதரி ஏறி உட்கார்ந்த பிறகு பாருங்கள். ஏறுவதற்கு முன் பார்த்தால் இடைவெளி இருப்பதாகத்தான் தெரியும்.

உங்கள் வண்டியின் ஸ்போக் சக்கரத்தில் உள்ளே டியூப் உண்டு. டியூப் இல்லாத டயருக்கான பஞ்சர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள், உங்களுக்கு அது பயன்படாது. முன், பின் இரண்டுக்கும் ஒவ்வொரு டியூப், சக்கரம் கழற்றும் ஸ்பேனர்கள், சிறிய காற்றடிப்பான், ஒரு கிளட்ச் கேபிள், ஃபியூஸ் ஆகியவை போதும். சம்பாஜே இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

தறிக்காரர் வீட்டம்மா (பெருந்துறை) எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில்களை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார்; பட்டறைக்காரர் எழுதியதைப் படித்ததும் வண்டியை வெளியே எடுத்து ஸ்பிரிங்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். முதல் நாள் மைசூரு, இரண்டாம் நாள் மடிக்கேரி, மூன்றாம் நாள் உடுப்பி என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் இப்படிச் சென்றால் திரும்புவதற்கு நாள் போதாது, தறி ஓடத் தொடங்கிவிடும். கோகர்ணத்திலிருந்து மங்களூர் வரை வந்து, அங்கிருந்து நாங்களும் வண்டியும் ரயிலில் ஈரோட்டுக்கு வர முடியுமா?

பண்ணாரிப் பாதை (சத்தியமங்கலம்) எழுதியது:

முடியும் அம்மணி. மங்களூர் சென்ட்ரலிலிருந்து சென்னை செல்லும் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகத்தான் வருகிறது. நீங்கள் பயணச்சீட்டு எடுத்திருந்தால் வண்டியை உங்கள் லக்கேஜாகவே பதியலாம். வண்டிப் பதிவுச் சான்றின் நகல், அடையாள அட்டை நகல், பயணச்சீட்டு ஆகியவற்றுடன் சில மணி நேரம் முன்பாகப் பார்சல் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். டாங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆகவே கடைசி நாளில் அளவாக நிரப்புங்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முகப்பு விளக்கையும் டாங்கையும் சாக்கும் அட்டையும் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். நிலையத்துக்கு வெளியே அதைச் செய்து கொடுக்க ஆட்கள் இருப்பார்கள், கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இடம் இல்லாவிட்டால் வண்டி உங்களுடன் வராமல் அடுத்த ரயிலிலும் வரலாம் என்பதால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஈரோட்டில் இறங்கியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமலிருக்க, வீட்டிலிருந்து யாரையாவது ஒரு லிட்டர் பெட்ரோலுடன் வரச் சொல்லிவிடுங்கள்.