ஊர் சுற்றினால் மனிதர் எல்லாரும் ஒன்று என்று தெரிந்துவிடுமா?

தாட்டோன்_தம்பி:

2025 மார்ச் 28 பர்மா பூகம்பத்துக்குப் பிறகு ரங்கூனிலிருந்து அரிசியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு சகாயிங் போன லாரி ஒன்றில் நானும் போயிருந்தேன். வண்டி நின்ற ஊரில் எல்லாம் யாராவது சோற்றுப் பொட்டலத்தோடு ஓடி வந்தார்கள். என்ன இனம், என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சகாயிங்கில் வீடு இடிந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஒரு குடும்பம், எங்களைச் சாப்பிட வைத்த பிறகுதான் மூட்டையை இறக்க விட்டது.

தெருவோரம் வழிப்போக்கருக்கு மண்பானையில் தண்ணீர் வைப்பது, ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவில் போகிற வருகிற எல்லாருக்கும் சோறு போடுவது, பெரியவர் காலில் விழுவது, இதெல்லாம் பர்மாத் தமிழரான நமக்கும் பர்மியருக்கும் பொது. வீட்டிலேயே இருந்தால் வித்தியாசம்தான் கண்ணில் படும். வெளியே போய்ப் பழகினால் அடிப்படை ஒன்று என்று தெரிகிறது. யாருக்காவது மறுப்பு உண்டா?

பழைய_ரங்கூன்:

எனக்கு உண்டு, தம்பி. நிவாரணம் கொண்டுபோனது பெரிய காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி மூட்டையோடு வந்தவனிடம் யார் இனம் கேட்பார்கள்? விருந்தாளிக்கு ஒரு வேளை சோறு போடுவது ஒன்று. அவனே பக்கத்தில் குடியேறி, கடை வைத்து, தன் பிள்ளைக்குச் சம உரிமை கேட்டால் என்ன செய்கிறோம் என்பது வேறு. பயணி முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

எங்கள் குடும்பம் இரண்டாவதைப் பார்த்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலேறப் போன என் அத்தையைத் துறைமுகத்தில் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் 1982 குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பே இங்கே இருந்த இனங்களுக்குப் பிறப்பிலேயே முழுக் குடியுரிமை. மற்றவர்கள் தாத்தா காலத்துக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் நீல அட்டையும் பச்சை அட்டையும் நம்மில் எத்தனை பேர் கையில் இன்னும் இருக்கின்றன?

மோல்மீன்_அக்கா:

அண்ணே, நீங்கள் சொன்னது எல்லாம் அரசாங்கம் செய்தது. அந்த அரசாங்கம் பர்மியரையும் விட்டுவைக்கவில்லை. 1964இல் அவர்கள் கடையும் போனது, அவர்கள் சேர்த்து வைத்த நோட்டும் செல்லாமல் போனது. எங்கள் வீட்டுப் பத்திரங்களைப் பக்கத்து வீட்டு பர்மிய அம்மாதான் பல வருஷம் தன் பெட்டியில் வைத்துக் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பழைய_ரங்கூன்:

அந்த அம்மாவைக் கும்பிடுகிறேன். ஆனால் 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளை வெட்டியது அரசாங்கம் அல்ல. இந்திய முஸ்லிம்களுக்கு எதிரான 1938 கலவரமும் அப்படித்தான், தெருவில் இறங்கியவர்கள் சாதாரண மக்கள்.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். பிரிட்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் உலக ஈகைப் பட்டியல் வெளியிட்டு வந்தது. 2014இல் அமெரிக்காவோடு சேர்ந்தும், அடுத்த மூன்று ஆண்டுகள் தனியாகவும் பர்மாதான் அதில் முதலிடம். அதே 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வீடு எரிந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு இங்கே வந்த சுற்றுலாக்காரர் பகானில் சூரிய உதயம் பார்த்து, மடத்தில் சாப்பிட்டு, இது எவ்வளவு அன்பான நாடு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர் எழுதியது பொய் இல்லை. ஆனால் அதை வைத்து இந்த நாட்டின் மனத்தை அளக்க முடியாது.

சிட்டாங்_கரை:

ரங்கூன் ஐயா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். 1930களில் உலகமெங்கும் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் கடன் கொடுத்த செட்டியார் கைக்குப் போனது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அவர்களிடம். தஞ்சாவூர் விவசாயியாக இருந்தாலும் அதே கோபம்தான் பட்டிருப்பான். நியாயம் எது, அநியாயம் எது என்பதிலும் இரண்டு ஜனங்களுக்கும் ஒரே எண்ணம்தான் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பொப்பா மலைக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் மகாகிரி தெய்வத்தின் கதையைக் கேட்டிருப்பீர்கள். தகவுங் அரசன் ஒரு கொல்லனின் பலத்துக்குப் பயந்து, அவன் தங்கையை மணந்து, நயமாகப் பேசி வரவழைத்து, செண்பக மரத்தில் கட்டி எரித்தான். தங்கையும் அதே தீயில் குதித்தாள். இன்றும் பர்மியர் வீட்டுக்குள் அவனுக்காகச் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்குகிறது. நம் பக்கம் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனுக்குப் பொங்கல் வைக்கிறோம். அரசன் கொன்றவனைக் குடிகள் சாமியாக்கினார்கள். பர்மியத் தெய்வங்கள் முப்பத்தேழில் பெரும்பாலானவை இப்படி அகால மரணம் அடைந்தவர்கள்தான். மலையேறிப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. இந்த ஒற்றுமையை யாரும் விருந்தாளிக்காக ஏற்பாடு செய்யவில்லை.

பழைய_ரங்கூன்:

கதை அருமை. ஆனால் எத்தனையோ நூறு வருஷம் முந்தி செத்தவனைக் கும்பிடுவது எளிது. கண் முன்னால் அடிபடுகிறவனுக்காக யார் வாய் திறந்தார்கள்?

மோல்மீன்_அக்கா:

திறந்தார்கள், அண்ணே. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தனையோ பர்மிய இளைஞர்கள் ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். தங்கள் வீட்டுக் கதவை உதைத்தபோதுதான் புரிந்தது என்றார்கள். தாமதம்தான், ஆனாலும் கேட்டார்கள்.

தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் பொது என்று எண்ணாதே. நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்களே சாதி பார்த்துத் தனியாக ஊற்றிய காலம் உண்டு. தெரியாதவனுக்குக் கொடுப்போம், கீழே என்று நினைப்பவனை ஒதுக்குவோம். அதுவும் இரண்டு பக்கமும் இருக்கிறது. பயணம் போகிறவர் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தாட்டோன்_தம்பி:

பார்க்கிறேன், அக்கா. ஆனால் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1960களில் இங்கிருந்து போனவர்களில் ஒரு கூட்டம், தமிழ்நாட்டில் தங்க மனமில்லாமல் மணிப்பூர் வழியாகத் திரும்ப பர்மாவுக்கே நடந்தது. எல்லையில் தடுத்ததால் மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கி, கோயில் கட்டி, இன்றுவரை அங்கேயே இருக்கிறார்கள். இங்கே பழகியதெல்லாம் வெறும் விருந்தாளி மரியாதை என்றால் ஏன் நடந்தார்கள்?

பழைய_ரங்கூன்:

பிழைப்புக்காக, தம்பி. அகதி முகாமில் வேலை இல்லை. தமிழ் பேசுகிறவர்களே அவர்களை பர்மாக்காரர்கள் என்று தள்ளி வைத்தார்கள். தெரிந்த தொழிலும் தெரிந்த சந்தையும் இங்கே இருந்தன.

தாட்டோன்_தம்பி:

சந்தை என்றால் கடனுக்குச் சரக்கு தருகிறவரும் வாங்குகிறவரும்தானே, ஐயா? நம்பிக்கை இல்லாத இடத்துக்கு யாரும் பிள்ளைகுட்டியோடு காடு தாண்டி நடக்க மாட்டார்கள்.

மோல்மீன்_அக்கா:

இதை நாம் ஊகித்துப் பேசக் கூடாது. மோரேயில் உறவு உள்ளவர்கள் இங்கே இருந்தால், அந்தப் பெரியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள தமுவிலிருந்து மோரே சந்தைக்குப் போய் வந்தவர்கள் எழுதினாலும் சரி.